சனிக்கிழமை ஏறும் முள்

சாவியைத் திருப்பியதும் முள் ஏறியது. ரெங்கசாமியின் முகம் இறங்கியது.

நேற்றுக் காலையில் கால்வாசிக்கும் கீழே கிடந்த பெட்ரோல் முள் இன்று பாதியைத் தாண்டி நின்றது. நேற்று வெள்ளிக்கிழமை. மனைவி சின்னப்பிள்ளை வாராவாரம் போகிற மாதிரி திருக்கோகர்ணம் கோயிலுக்குப் போய்வந்ததோடு சரி, கார் வேறெங்கும் போகவில்லை. ஓடின காரில் முள் இறங்கத்தானே வேண்டும்? கொஞ்ச நாளாகவே சனிக்கிழமை விடிந்தால் இதே கூத்து.

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் வாங்கிய கறுப்பு ஆஸ்டின் அது. அன்றிலிருந்து நாகராசுதான் டிரைவர். இந்தக் காரைத் தவிர அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. இப்போது மட்கார்டைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தான். ரெங்கசாமி அதையும் கவனித்துக்கொண்டார்.

மகள் சொர்ணவல்லி ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைத் தானாகவே கட்டிக்கொண்டு போனதிலிருந்து அவருக்கு எல்லார் மேலும் சந்தேகம். மகளைத் தலைமுழுகிவிட்டதாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு தன் அரிசி மில்லுக்குள் நுழைகிற மூட்டையைக்கூட இரண்டு தரம் எடைபோடச் சொல்கிறார்.

அவர் வரச்சொல்லியிருந்த மெக்கானிக் காஜா மைதீன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஹேண்டில்பாரில் ஸ்பானர் பையும், கூடவே ஒரு தூக்குச்சட்டியும் தொங்கின.

"நாகராசு, இத அம்மாகிட்டக் குடுத்துரு. பொங்கலன்னைக்கு சர்க்கரைப் பொங்கல் குடுத்துவிட்ட சட்டி."

"என்ன பாய், வெறுஞ்சட்டி இந்தக் கனம் கனக்குது?"

"பேரீச்சம்பழம் கெடக்கு. வெறுஞ்சட்டியத் திருப்பிக் குடுத்தேன்னு தெரிஞ்சா எங்க வீட்டுல எனக்குச் சோறு கெடையாது."

வாசலில் நின்ற சின்னப்பிள்ளை சிரித்தபடி சட்டியை வாங்கிக்கொண்டாள்.

"சட்டி கெடக்கட்டும் பாய், இங்கிட்டு வாங்க" என்று மெக்கானிக்கை ஓரமாக அழைத்தார் ரெங்கசாமி. "இவன் பெட்ரோல உறிஞ்சி வித்துப்புட்டு, மண்ணெண்ணெய ஊத்தி அளவு காட்டுறானோன்னு எனக்கு ஒரு எண்ணம்."

"மொதல்ல முள்ளு யோக்கியமான்னு பாப்போம் மொதலாளி. மனுசன அப்பறம் பாப்போம்."

காஜா மைதீன் காருக்குப் பின்னால் போய், டேங்கின் மேலிருந்த ஒயரைக் கழற்றினார். "முள்ளு எங்க நிக்குது?"

"உச்சிக்குப் போயிருச்சு" என்றார் காருக்குள் எட்டிப் பார்த்த ரெங்கசாமி.

ஒயர் நுனியை இரும்பில் தொட்டுப் பிடித்தார். "இப்ப?"

"அடியில படுத்துருச்சு."

"அப்ப ஒயரும் சரி, முள்ளும் சரி. இனி உள்ளதான்."

டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி முள்ளை நகர்த்துகிற மிதவையை வெளியே எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருந்தால் சலசலக்கும். சத்தமே இல்லை. ஒரு குச்சியை விட்டு அளந்தார். பாதிக்கு மேல் நனைந்து வந்தது. நனைந்த இடத்தை முகர்ந்துவிட்டு விரலில் தேய்த்தார்.

"மண்ணெண்ணெய்னா பிசுக்கு நிக்கும். இது ஆவியாப் போயிருச்சு பாருங்க. சுத்தப் பெட்ரோலு. மீட்டர்ல ஒரு கோளாறும் இல்ல மொதலாளி. டேங்குல நெசமாவே பெட்ரோல் கூடியிருக்கு."

ரெங்கசாமிக்கு நிம்மதி வரவில்லை. திருடினால் குறையத்தானே செய்யும், கூடுகிற திருட்டும் உண்டா? யோசித்தார். சட்டென்று பிடிபட்டது.

"அடேய், கோயில் வாசல்ல அம்மாவ எறக்கிவிட்டுட்டு என் கார வாடகைக்கு ஓட்டுறியா? ஓட்டிட்டு, நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு கூடுதலாவே ஊத்தி வைக்கிற. அப்புடித்தான?"

நாகராசு வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேன்ல, பேச மாட்டியா?"

"என்னத்தங்க மொதலாளி பேசுறது."

"அப்ப பேச வேணாம். சாவி எங்கிட்டயே இருக்கட்டும். இன்னையோட ஒன் சோலி முடிஞ்சுது, கெளம்பு."

காஜா மைதீன் மிதவையைத் துடைக்கத் தொடங்கினார். நாகராசு கையிலிருந்த துணியை நாலாக மடித்து பானட்டின் மேல் வைத்தான். வாசலைப் பார்த்து, "வாரேங்கம்மா" என்றான். அவன் தெருவில் கால்வைக்கும்போது சின்னப்பிள்ளை படியிறங்கி வந்தாள்.

"நில்லு நாகராசு."

தூக்குச்சட்டி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. கணவரின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவன எதுக்குப் போகச் சொல்றீங்க? நானும் கோயிலுக்குப் போகல, அவனும் வாடகை ஓட்டல. அப்பா வீட்டுக் கார வெறுங்காரா அனுப்ப மாட்டேன்னு ஒங்க மகதான் ஊத்தி அனுப்புறா."