சாம்பலுக்குப் பக்கத்தில்

ரவிக்கைத் துணிக்கடையில் இருபது வருடமாகப் புடவைக்கு மேட்சிங் எடுத்துக் கொடுப்பவள் ஜெசிந்தா. புடவையைப் பிரித்ததுமே அதே நிறத் துணி அவள் கைக்கு வந்துவிடும். மகள் வாங்கிக் கொடுத்த அக்ரிலிக் வண்ணங்களை வைத்துக்கொண்டு ஓவியம் தீட்ட உட்கார்ந்தபோதும் கை அதையே செய்தது. நீலம் பூசினால், அச்சு அசலாக அதே நீலத்தைக் கலந்து பக்கத்தில் பூசினாள். மூன்று ஞாயிறுகள் இப்படியே போயின.

"ஏம்மா, சுவத்துக்கு பெயின்ட் அடிச்ச மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

நான்காம் ஞாயிறு, சாம்பல் நிறத்தைப் பூசி முடித்த கை தானாகவே மாம்பழ மஞ்சளைப் பிதுக்கி அதன் பக்கத்தில் இழுத்தது. ஐயோ என்று ஈரத்துணி தேடி வருவதற்குள் அது காய்ந்துவிட்டது. கடையில் செய்கிற மாதிரியே கேன்வாஸை வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் போனாள். சாம்பலுக்குள் இத்தனை மினுக்கம் இருப்பது அவளுக்கு அன்றுவரை தெரியாது. பிறகு பொழுது சாயும்வரை, எந்த நிறம் எதைக் கேட்டதோ அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் கடையில் ஒரு பெண் சாம்பல் நிறப் புடவையைப் பிரித்தாள். "இதே கலர்ல குடுங்கக்கா. யார் கண்ணுலயும் படாம இருந்தா போதும்."

ஜெசிந்தா மஞ்சள் துணியை உருவி அதன்மேல் வைத்தாள். கல்லாவிலிருந்து முதலாளி முறைத்தார்.

"நான் இதக் கேக்கலயே..."

"தெரியும்மா. வெளிச்சத்துல ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

அந்தப் பெண் வாசலுக்குப் போனாள். புடவையைத் தோளில் போட்டு, மஞ்சளைக் கழுத்தோரம் வைத்து, அங்கே நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் கண்ணாடிக்குக் குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை.