உறையாத குழாய்

எர்ணாவூர் சொக்கம்மாளுக்குக் குணமான புற்றுநோய் திரும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் நுண்ணிய மூலக்கூறு கூடியிருந்தால் கவலைதான். ரத்தம் எடுக்க வந்த சங்கமித்ரா, வழக்கம்போல முதலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாம்மா, ஊசி போடாம கையப் புட்சிகினு கீற?"

"பயம் போவட்டும், அக்கா."

"எனக்கா பயம்? போம்மா!" என்றாள் சொக்கம்மாள். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தின் உறைபெட்டியில் எல்லாக் குழாய்களும் கல்லாய் உறைந்திருந்தன. சொக்கம்மாளின் குழாய் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. பெட்டியில் பழுதில்லை. ரத்தமும் கெடவில்லை. சோதித்தார்கள், மைக்ரோ ஆர்.என்.ஏ. கூடவில்லை.

சங்கமித்ரா போனில் சேதி சொன்னாள்.

"நல்ல சேதிதான் வரும்னு தெரியும்மா," என்றாள் சொக்கம்மாள். "நேத்திலேர்ந்து நீ என் கைய வுடவே இல்லியே."