ஃபிக்ரியின் கணுக்கால்

"மாத்திரையா? என் வாழ்க்கையில ஒரு தலைவலி மாத்திரைகூட முழுங்கினது இல்ல டாக்டரம்மா. அப்படியே எழுதிக்குங்க" என்றார் ஃபிக்ரி.

டாக்டர் நெர்மின் எழுதிக்கொண்டார். ஃபிக்ரி பரிசோதனைக் கட்டிலின் விளிம்பில் இரண்டு காலையும் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். கணுக்கால்கள் இரண்டும் உப்பியிருந்தன. டாக்டர் கட்டைவிரலால் அழுத்தி எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி இப்திசாம், கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபிக்ரி முப்பத்திரண்டு வருடம் அலெக்ஸாண்ட்ரியாவில் டிராம் ஓட்டியவர். ஓய்வு பெற்ற முதல் வருடத்தை பால்கனியில் உட்கார்ந்து, கீழே நேரம் தவறிப் போகிற டிராம்களைத் திட்டியே கழித்தார். பிறகு யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாள் கடற்கரைச் சாலையில் ஓடப் போனார். அன்றைக்கு இரண்டு பஸ் நிறுத்தத் தூரம்தான் முடிந்தது. இப்போது அறுபத்திரண்டு வயதில், வெள்ளிக்கிழமை ஓட்டக்காரர் கூட்டத்திலேயே அவர்தான் மூத்தவர். அந்த ஓட்டம் வந்த பிறகுதான் வீட்டில் மறுபடியும் சிரிப்புச் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் நடக்கிற பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து, சட்டையில் குத்திக்கொள்ள எண்கூட வந்துவிட்டது.

ஆனால் மூன்று மாதமாகக் கால் வீக்கம். விழவில்லை, சுளுக்கவுமில்லை. காலையில் சுமாராக இருக்கும். சாயங்காலம் செருப்பு நுழையாது, கல்லைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி வலிக்கும். எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்து ஒன்றுமில்லை என்றார். இதயம், சிறுநீரகம், ரத்தம் எல்லாவற்றையும் சோதித்தாயிற்று, எதிலும் குறையில்லை. ஓட்டக் கூட்டத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஷூ சரியில்லை என்றார் ஒருவர். இரண்டு தடவை மாற்றினார். கண் பட்டிருக்கிறது என்றார் பழைய கண்டக்டர் நண்பர். திருஷ்டி கழிய ஃபிக்ரி ஷூ நாடாவில் ஒரு நீல மணி கோத்துக்கொண்டார். ஊறுகாயை நிறுத்தச் சொன்னாள் மகள். அதை மட்டும் அவர் காதில் வாங்கவில்லை.

டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்.

"நூத்தி இருபத்தஞ்சுக்கு எண்பது. இந்த வயசுக்கு ரொம்ப நல்லா இருக்கு, ஹாஜி."

"என் சேக்காளிங்க எல்லாம் காலையில எழுந்ததும் கை நிறைய மாத்திரையை அள்ளிப் போட்டுக்கறானுங்க. நான் கடல் காத்துல ஓடறேன். நமக்கு அதான் மருந்து" என்றார் ஃபிக்ரி. "வேணும்னா இவகிட்டயே கேளுங்க."

இப்திசாம் கைப்பையின் கொக்கியைத் திறந்து, மறுபடி மூடினாள்.

காரணம் தெரிகிறவரை ஓட வேண்டாம், பந்தயத்தையும் மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். ஃபிக்ரியின் முகம் தொங்கிப்போனது.

"காலை வேணா வெட்டி எடுத்துக்குங்க டாக்டரம்மா. அந்த நம்பரை மட்டும் விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு, எடை பார்க்க நர்ஸின் பின்னால் நொண்டிக்கொண்டு போனார்.

கதவு மூடியதும் இப்திசாம் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அவரை ஓட வேணாம்னு சொல்லாதீங்க டாக்டர். தப்பு என்மேல" என்றவள், கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாள்.

ஏழு மாதத்துக்கு முன்பு, ஓய்வூதியக்காரர்களுக்கான பரிசோதனையில் ஃபிக்ரியின் ரத்த அழுத்தம் நூற்றி எண்பது இருந்தது. ஓடுகிறவனுக்கு எதற்கு மாத்திரை என்று மருந்துச் சீட்டைக் கிழித்து வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார். பின்னாலேயே வந்த இப்திசாம் துண்டுகளைப் பொறுக்கி, ஒட்டி, மருந்தை வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் ஓடிவிட்டு வருவதற்குள் ஒரு மாத்திரையைப் பொடித்து, கரும்புப் பாகோடு குழைத்த எள் விழுதில் கலந்து வைத்துவிடுவாள். அவர் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துத் தின்று, கிண்ணத்தை வழித்து வைப்பார்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் படித்தார். வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இந்த மாத்திரை சில பேருக்கு நாள்பட நாள்படக் கணுக்காலை வீங்க வைக்கும். மூணு மாசமா எல்லாரும் தேடினது உங்க கைப்பையில இருந்திருக்கு."

வேறு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார். வீக்கம் வடிந்துவிட்டால் பந்தயத்திலும் ஓடலாம் என்றார். ஆனால் அவருக்குத் தெரியாமல் இனி ஒரு நாள்கூடக் கொடுக்கக் கூடாது, இன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். சொன்னால் மாத்திரையை விட்டுவிடுவாரே என்று இப்திசாம் பயந்தாள். சொல்லாவிட்டால் இந்த டாக்டரே சொல்லிவிடுவார் போலிருந்தது.

வீட்டுக்கு டிராமில் போனார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நிறுத்தம் வரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். நான்காவதில், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

முன்னால் டிரைவரின் கைகளையே கவனித்துக்கொண்டிருந்த ஃபிக்ரி திரும்பாமலே கேட்டார்.

"மாத்திரையை மாத்திக் குடுத்துட்டாங்களா? கசக்காததா எழுதச் சொல்லியிருக்கலாம் நீ. ஏழு மாசமா முகம் சுளிக்காம அந்தக் கிண்ணத்தைக் காலி பண்ற பாட்டுக்கு, தினம் பத்து கிலோமீட்டர் ஓடிடலாம்."