கேட்காமல் எடுத்தது

மூன்றாவது தடவையாக சிஸ்டம் படக்கென்று அணைந்தபோது ரேணுகாதேவிக்கு அழுகையே வந்துவிட்டது.

திருச்சுழி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவள் நடத்தும் இ-சேவை மையத்தில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். பயிர்க் காப்பீட்டுக்கு இன்றைக்குக் கடைசி நாள். பயிர் அடங்கல் சீட்டும் பாஸ்புக்குமாக வாசலைத் தாண்டி அறுபது பேர் நிற்கிறார்கள்.

"என்னம்மா, ஆகுமா ஆகாதா?" முன்னால் நின்ற மூக்கம்மாள் கேட்டாள். "போன வருசம் இதைக் கட்டாம விட்டுட்டுத்தான், மக்காச்சோளம் பூராவும் கருகி வெறுங்கையோட நின்னேன்."

"ஆகும் பெரியம்மா. ஆளு வந்திருக்குல்ல."

ஆள் என்றால் காளீஸ்வரன். நாலு கடை தள்ளி கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவன். யூ.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு நேராகச் சுவர் பிளக்கில் சொருகிப் பார்த்தான். வயரை மாற்றிப் பார்த்தான். இரண்டு நிமிஷம் ஓடும், அணையும். கடைசியில் கேபினெட்டைத் திறந்து மோந்து பார்த்தான். போர்டுக்குப் போகிற பெரிய கனெக்டரை உருவி, பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஒரு ஜெம் கிளிப்பால் சேர்த்தான். பவர் பெட்டியின் ஃபேன் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டு நின்றது.

"எஸ்.எம்.பி.எஸ். போச்சுக்கா. கரண்டை வாங்கி உள்ள பிரிச்சுக் குடுக்குற பெட்டி. வேறதான் போடணும்."

"போடேன்!"

"அருப்புக்கோட்டையில கேட்டுட்டேன், ஸ்டாக் இல்ல. மதுரையிலருந்து நாளைக்குத்தான் வரும்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அவன் குரலைத் தாழ்த்தினான்.

"கடையில சர்வீசுக்கு வந்த சிஸ்டம் ஒண்ணு வேலை முடிஞ்சு இருக்கு. பாளையம்பட்டி சின்னத்துரை அண்ணாச்சியுது. அவுக நாளைக்குத்தான் வாராக. அதுல உள்ளதைக் கழட்டிட்டு வரவா?"

"அவுகளைக் கேக்காமயா? போன் போட்டுக் கேளுப்பா."

"மாட்டேன்னுட்டா?"

ரேணுகாதேவி வரிசையைப் பார்த்தாள்.

"சரி, கொண்டா."

அவளுடைய கேபினெட் சின்னது. கொண்டுவந்த பெட்டி உள்ளே நுழையவில்லை. மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அதை வைத்து, வயர்களை மட்டும் உள்ளே விட்டு மாட்டினான். சிஸ்டம் ஓடியது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். அணையவில்லை.

மூக்கம்மாள் ரசீதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். வீரசோழனில் ஒரு வேலை இருக்கிறதென்று காளீஸ்வரனும் பஸ் ஏறிவிட்டான்.

பன்னிரண்டு மணி இருக்கும். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சர்வீஸ் கடை பூட்டிக் கெடக்கும்மா. காளீஸ்வரன் இங்க இருக்கான்னாக. நான் பாளையம்பட்டி பெயிண்டுக் கடை சின்னத்துரை. சிஸ்டத்தை வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்."

ரேணுகாதேவிக்குக் கை கீபோர்டிலேயே ஒட்டிக்கொண்டது.

"அவன்... வெளிய போயிருக்கான் அண்ணாச்சி. சாயங்காலம்தான் வருவான்."

அவர் கண் ஸ்டூலுக்குப் போனது. பெட்டியின் முதுகில் நீலப் பெயிண்டில் 'சி.து.' என்று கொட்டையாக எழுதியிருந்தது. அதை அவள் அப்போதுதான் பார்த்தாள்.

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு, ஸ்டூலை ஒட்டினாற்போல உட்கார்ந்தார். பெட்டியின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டார்.

"யோவ், வரிசையில வாய்யா! நாங்கள்லாம் கேனையனா?" வரிசையில் பின்னால் நின்ற பால்சாமி கத்தினார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

ரேணுகாதேவி டைப் செய்த பெயர்கள் பிழை பிழையாக விழுந்தன. இப்போது வயரை உருவுவாரா? கூட்டத்துக்கு முன்னால் வைத்து, திருட்டுப் பொருள் என்று சொல்லிவிடுவாரா? நாளைக்கு இந்த ஊரில் எந்த முகத்தோடு கடை திறப்பது?

காளீஸ்வரனுக்குப் போன் போட்டாள். அடித்து அடித்து நின்றது.

"டீ வாங்கியாரச் சொல்லவா அண்ணாச்சி?"

"வேணாம்மா. நீ உன் வேலையப் பாரு."

இரண்டு மணிக்கு அவருக்கு ஒரு போன் வந்தது. "இன்னைக்கு ஆகாது. பில்லைக் கையாலயே எழுது" என்று சொல்லி வைத்துவிட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. யாராவது கிட்டே வந்தால் காலை நீட்டி மறித்தார். சொந்தப் பொருளைக் கண்ணெதிரே வைத்து எவ்வளவு நேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று அவள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மணிக்குக் கடைசி ஆளும் ரசீதோடு போனார்.

ரேணுகாதேவி எழுந்து அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அது உங்களுதுதான். காளீஸ்வரன் மேல தப்பில்ல, கொண்டான்னு சொன்னது நான்தான். காலையிலயே உங்களைக் கேட்டிருக்கணும்."

"வந்து பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சும்மா."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல? எவனாவது தூக்கிட்டுப் போயிருவான்னு காவல் இருக்கிற மாதிரி நாள் பூரா இங்கனயே உக்காந்திருந்தீகளே..."

சின்னத்துரை மரத்துப்போன காலை மெல்ல மடக்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"காவல்தான்மா. அம்புட்டுக் கூட்டம் இடிச்சுக்கிட்டு வருது. எவன் காலாவது வயர்ல மாட்டி உருவிக்கிட்டா, அத்தனை பேரு பொழப்புமில்ல போயிரும்?"