மிச்ச நூல்

ஹாலிஎல பாடசாலை மண்டபத்தின் தகரக் கூரையில் மழை இரைகிறது. தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று டாக்டரம்மா சரோஜாதேவி தானமாக நீட்டும் நீலக் கம்பளி உருண்டையை ஜெபமலர் இரண்டு கையாலும் வாங்குகிறாள். நுனியில் அவள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது. டாக்டரம்மாவின் மகனுக்குக் கூலிக்கு ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்து, மிஞ்சியதைப் போன மாதம் திருப்பிக் கொடுத்தவள் அவள்தான். அந்த மிச்சத்தில் ஒரு தொப்பி பின்னித் தரச் சொல்லித் தன் மகள் கெஞ்சியபோது, "அடுத்தவங்க நூலுடி, தொடாத" என்று அதட்டியிருந்தாள். இப்போதும் அவள் பையில் டாக்டரம்மாவின் சிவப்பு ஸ்வெட்டர், ஒரு கை முடியாமல் ஊசியோடு கிடக்கிறது. "கொஞ்சம் சிரிங்க" என்கிறார் படம் பிடிக்கும் வாத்தியார். சிரிக்கிறாள். பிளாஷ் வெளிச்சத்தில் கண் கூசுகிறது. டாக்டரம்மா அவள் காதருகே குனிகிறார். "சிவப்பு முடிஞ்சுதோ? மிச்ச நூலை மறக்காமல் கொண்டு வாங்கோ, என்ன."