ஐநூறு வாட்ஸ் ஸ்டிக்கர்

கம்ப்யூட்டர் கேபினெட்டோடு இலவசமாக வந்த பவர் சப்ளை, வந்த நாள் முதல் மதர்போர்டிடம் தன் ஸ்டிக்கரைக் காட்டியே பீற்றிக்கொண்டது: "ஐநூறு வாட்ஸ்! படிச்சுப் பாருங்க அக்கா." கடைக்காரர் அதை ஒற்றை விரலில் தூக்கி மாட்டியபோதே, இவ்வளவு லேசான பெட்டிக்குள் ஐநூறு வாட்ஸுக்கான சரக்கு இருக்காது என்று மதர்போர்டு கணக்குப் போட்டிருந்தது.

இன்று கேம் தொடங்கியது. "இன்னும் கரண்ட் கொடு!" என்று கத்தியது, பட்ஜெட்டில் பாதியை விழுங்கி வந்திருந்த கிராபிக்ஸ் கார்டு. பவர் சப்ளையின் உடம்பு கொதித்தது, விசிறி திணறியது.

"தம்பி, முடியலைன்னா ஒரு வார்த்தை சொல்லு. எல்லாத்தையும் நிறுத்திடறேன்," என்று கெஞ்சியது மதர்போர்டு.

"சொல்லிட்டு, இந்த ஸ்டிக்கரை எங்கே கொண்டுபோய் வைக்கிறது?"

டப்பென்று வெடித்தது. மூவரும் பொசுங்கிய புகை நடுவே மதர்போர்டு கடைசியாகப் பார்த்தது அந்த ஸ்டிக்கரைத்தான். அதில் ஓர் எழுத்துகூடக் கருகவில்லை.