மூடாத டம்ளர்

தச்சுப் பட்டறையில் டீ குடிப்பவர்கள் டம்ளரை உள்ளங்கையால் மூடிக்கொள்வார்கள், மரத்தூள் விழும். அருமைராஜ் இருபது வருடமாக அப்படித்தான் குடிக்கிறார். அவர் மனைவி ஸ்டெல்லா, மூச்சிழுப்பு வந்ததிலிருந்து டீயை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவாள். அவள் உள்ளே வந்து உட்கார வேண்டும் என்றுதான் பழைய மின்விசிறியைப் பலகைப் பெட்டிக்குள் பொருத்தி, தூசி இழுக்கும் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதன் ஃபில்டர் மாதம் ஒருமுறை அடைத்துக்கொண்டது. புதியதற்குக் கடையில் சொன்ன விலைக்கு இன்னொரு இயந்திரமே செய்துவிடலாம்.

ஸ்டெல்லாதான் மூடிப்போன மஞ்சள் மில்லில் கிடந்த துணிப்பை ஒன்றைக் கேட்டு வாங்கி, அலசிக் கொடுத்தாள். “மஞ்சப்பொடியவே வெளிய விடாம புடிச்ச பை. உங்க மரத்தூள விட்டுருமா?”

பையை மாட்டிவிட்டு ஒரு மணி நேரம் பலகை இழைத்தார். பிறகு அவள் இரண்டு டம்ளர்களுடன் உள்ளே வந்து உட்கார்ந்து, மூச்சை ஆழமாக இழுத்தாள். நெஞ்சில் விசில் சத்தம் இல்லை. அவர் கை பழக்கத்தில் டம்ளரை மூடியது.

“கைய எடுங்க. என்ன விழுதுன்னு பாப்போம்.”

இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீயில் ஏடு படிந்த பிறகு ஒரே ஒரு துகள் வந்து விழுந்தது, பளிச்சென்ற மஞ்சளாக.

“அது மருந்து. குடிங்க” என்றாள்.